கற்காலம் என்னும் பெயர்: வரலாற்றுக்கு முற்பட்ட காலப் பகுப்புகள் பற்றி ஒரு நோக்கு

முன்னுரை

ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கான பயிற்சி வகுப்பொன்றில் இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, "ஐயா, ஆதாம் பழைய கற்காலத்தவரா, புதிய கற்காலத்தவரா?" என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவரிடம் பயிலும் சிறுவன் ஒருவன் அக்கேள்வியை அவரிடம் கேட்டிருந்தான். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியிலே கற்காலம், செம்புக்காலம், இரும்புக்காலம் என்று படிக்கும் பிள்ளை, ஞாயிறன்று ஆலயத்திலே ஏதேன் தோட்டத்தைப் பற்றிக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு வளர்கிறது. பின்னாளில் அச்சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு மறுபக்கத்தை விட்டுவிடுகிறது.

நாம் அன்று அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தை மனிதர் எவ்வாறு பகுத்தனர், அப்பகுப்புகள் எங்கே பிறந்தன, எதற்குப் பயன்பட்டன, எங்கே வழிதவறின என்பவற்றை அறிந்தாலன்றி அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூற இயலாது. அதற்கான முயற்சியே இக்கட்டுரை.

1. உலோகங்களால் காலத்தை எண்ணும் மரபு

காலத்தை உலோகங்களின் பெயரால் அழைப்பது மிகப் பழைய வழக்கம். கிரேக்கப் புலவர் ஹெசியோது மனித குலத்தைப் பொன், வெள்ளி, வெண்கலம், வீரர், இரும்பு என ஐந்து தலைமுறைகளாகப் பகுத்தார். தானியேலின் நூல் இரண்டாம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் கண்ட சிலையின் தலை பொன், மார்பும் புயங்களும் வெள்ளி, வயிறும் தொடையும் வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்களோ இரும்பும் களிமண்ணும் கலந்தவை. இவ்விரண்டிலும் காலம் மேலிருந்து கீழே இறங்குகிறது என்பது நோக்கற்பாலது. பொன்னான தொடக்கம் தேய்ந்து தேய்ந்து களிமண்ணாகிறது.

இதற்கு மாறாக, கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கவிஞர் லுக்ரேத்தியுஸ், மனிதன் முதலில் கையையும் நகத்தையும் பல்லையும், பின்பு கல்லையும் மரக்கிளையையும், அதன்பின் வெண்கலத்தையும், கடைசியில் இரும்பையும் கருவியாகக் கொண்டான் என்றார். இங்கே காலம் கீழிருந்து மேலே ஏறுகிறது. இவர் எந்த மண்ணையும் அகழ்ந்து பார்த்தவரல்லர், சிந்தித்து உய்த்துணர்ந்தவர்.

திருச்சபையும் தனக்கென ஒரு பகுப்பை வைத்திருந்தது. படைப்பின் ஆறு நாட்களுக்கு ஒப்பாக உலக வரலாற்றை ஆறு யுகங்களாக வகுத்தார் அகுஸ்தீன். ஆகவே காலப் பகுப்பு ஒவ்வொன்றின் பின்னும் மனிதன் வீழ்கிறானா வளர்கிறானா, வரலாறு எதை நோக்கிச் செல்கிறது என்ற கேள்வி மறைந்து நிற்கிறது. அது அடிப்படையில் ஓர் இறையியல் கேள்வியே.

2. ஓரக்குறிப்பும் திருமறையும்

அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட நூலில் உலகப் படைப்பை கி.மு. 4004 எனக் கணித்தார். பெரும் புலமையோடு செய்யப்பட்ட கணக்கு அது. அதை நகையாடுவது அறியாமை. 1701-ஆம் ஆண்டு முதல் ஆங்கில வேதாகமப் பதிப்புகளின் ஓரங்களில் இவ்வாண்டுகள் அச்சிடப்பட்டன. நாளடைவில் வாசகர்கள் ஓரத்தில் இருந்ததை நடுவில் இருந்ததற்குச் சமமாகக் கருதத் தொடங்கினர். ஓரக்குறிப்பே திருமறையாயிற்று.

இதன் விளைவை ஒரு சான்றால் அறியலாம். 1823-இல் வேல்ஸ் நாட்டுப் பாவிலாந்துக் குகையில் செங்காவி பூசப்பட்ட எலும்புக்கூடு ஒன்றை வில்லியம் பக்லாந்து கண்டெடுத்தார். இவர் ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த குருவானவர். எலும்புகளோடு யானைத்தந்த அணிகலன்களும் இருந்தன. உரோமர் காலத்துப் பெண் ஒருத்தியின் எலும்புகள் இவை என்று அவர் முடிவு செய்தார். அவர் கைக்கொண்ட காலக்கணக்கில் அதற்குமேல் பின்செல்ல இடமில்லை. இன்று அது ஓர் இளைஞனின் உடல் என்றும், ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும் கணிக்கப்பட்டுள்ளது. பக்லாந்து நேர்மையற்றவர் அல்லர். கண்முன் இருந்த சான்றைக் காணவிடாமல் ஓரக்குறிப்பு அவர் கண்களை மறைத்தது.

3. கோபன்ஹேகன் அருங்காட்சியகம்

இன்று பள்ளி நூல்களிலுள்ள முக்காலப் பகுப்பு ஓர் அலமாரியை ஒழுங்குபடுத்தும் தேவையிலிருந்து பிறந்தது. டென்மார்க்கு நாட்டில் சேர்ந்திருந்த தொல்பொருள்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பு 1816-இல் கிறிஸ்தியான் யூர்கன்சன் தாம்சன் என்ற வணிகர் மகனிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருள்கள் கோபன்ஹேகன் திரித்துவ ஆலயத்தின் மேல்தளத்தில் குவிந்து கிடந்தன. அவர் அவற்றைக் கல், வெண்கலம், இரும்பு என மூன்றாகப் பிரித்து 1819-இல் பொதுமக்கள் காணத் திறந்துவைத்தார். அவரது வழிகாட்டி நூல் 1836-இல் வெளிவந்தது.

தாம்சனின் சிறப்பு பொருளின் மூலத்தைப் பார்த்ததோடு முடியவில்லை. இரும்புக்காலத்திலும் கல்லும் வெண்கலமும் வழக்கில் இருந்திருக்கும் என்பதை அவர் அறிவார். ஆகவே ஒரே கல்லறையில், ஒரே புதையலில் எவை எவற்றோடு சேர்ந்து கிடைக்கின்றன, எவை ஒருபோதும் சேர்ந்து கிடைப்பதில்லை என்று கூர்ந்து நோக்கினார். அவரைப் பின்பற்றிய வொர்சே, மண்மேடுகளையும் சதுப்பு நிலங்களையும் அகழ்ந்து, கீழடுக்கில் கல்லும் மேலடுக்கில் உலோகமும் கிடப்பதைக் காட்டி 1843-இல் நூல் எழுதினார். லுக்ரேத்தியுஸின் ஊகம் அப்போதுதான் சான்றுடைய கொள்கையாயிற்று.

"வரலாற்றுக்கு முற்பட்ட" என்ற தொடரை ஆங்கிலத்தில் 1851-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஸ்காத்லாந்தின் டானியல் வில்சன். பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்கள் கிடைப்பதாக பூஷே தெ பெர்த் பல்லாண்டுகள் வாதாடிவந்தார். 1859-இல் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று கண்டு அதை ஏற்றனர். 1865-இல் ஜான் லப்பக் கற்காலத்தை இரண்டாக்கி, செதுக்கிய கருவிகளின் காலத்தைப் பழைய கற்காலம் என்றும், தீட்டி வழவழப்பாக்கிய கருவிகளின் காலத்தைப் புதிய கற்காலம் என்றும் பெயரிட்டார். இடைக்கற்காலம் என்ற பெயரும் அடுத்த ஆண்டே தோன்றிவிட்டது.

4. பல்லாவரத்துக் கல்

இவ்வறிவு நம் நாட்டை அடைய நெடுங்காலம் ஆகவில்லை. இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30-ஆம் நாள் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் சரளைக்குழி ஒன்றிலிருந்து கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அவரும் அவர்தம் தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கைக்கோடரிகளைக் கண்டனர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு இங்கே தொடங்குகிறது எனலாம்.

இவ்விதழின் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஃபூட், அருட்திரு பீட்டர் பெர்சிவலின் மருமகன். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பெர்சிவல் அவரே. மாமனார் திருமறையின் சொற்களை ஆராய்ந்தார். மருமகன் மண்ணிலுள்ள கற்களை ஆராய்ந்தார். ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் ஃபூட்டின் நினைவுச்சின்னம் இருக்கிறது.

ஃபூட் தம் வாழ்நாளெல்லாம் தென்னிந்தியாவில் திரட்டிய பொருள்களைப் பழைய கற்காலம், புதிய கற்காலம், முற்பட்ட இரும்புக்காலம், பிற்பட்ட இரும்புக்காலம் என வரிசைப்படுத்தினார். இவ்வரிசையில் ஒன்று விடுபட்டிருப்பதைக் காண்க. வெண்கலக் காலம் இங்கே இல்லை. ஆதிச்சநல்லூரில் அழகிய வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. ஆனால் அவை இரும்போடு சேர்ந்தே கிடைத்தன. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயும் பெரும்பகுதி இவ்வாறே. டென்மார்க்கின் ஏணியில் நடுப்படியாக இருந்தது பிற நாடுகளின் ஏணியில் இல்லவே இல்லை. இதனால் நம் முன்னோர் ஒரு படியைத் தாண்டிக் குதித்தனர் என்றோ, ஒரு படி பின்தங்கினர் என்றோ கூறுவது பொருந்தாது. அவர்கள் ஏறியது வேறு ஏணி.

காலமும் அவ்வாறே வேறுபடும். டென்மார்க்கின் இரும்புக்காலம் ஏறத்தாழ கி.மு. 500-இல் தொடங்குகிறது. பாலஸ்தீனத்தின் இரும்புக்காலம் கி.மு. 1200 அளவில், நியாயாதிபதிகளின் காலத்தை ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சிவகளை முதலிய இடங்களின் இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி வரை பின்செல்கிறது என்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025-இல் அறிவித்தது; அறிஞரிடையே அதுபற்றிய ஆய்வுரைகள் நடைபெறுகின்றன. அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையுடையன என்று 2011-இலும், அங்கே இடைப் பழைய கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றின என்று 2018-இலும் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். "இரும்புக்காலம்" என்பது நாட்காட்டியிலுள்ள ஓர் ஆண்டைக் குறிப்பதன்று. இடத்துக்கு இடம் மாறும் ஒரு நிலையைக் குறிப்பது.

5. எரிகோவில் உடைந்த பெயர்கள்

காலப்போக்கில் புதிய கற்காலம் என்ற பெயருக்குள் பல பொருள்கள் சேர்ந்தன. தீட்டிய கல், உழவு, கால்நடை, மட்பாண்டம், நிலையான ஊர் ஆகிய அனைத்தும் ஒன்றாக வந்தன எனக் கருதப்பட்டது. கார்டன் சைல்டு 1936-இல் இம்மாற்றத்தைப் புதிய கற்காலப் புரட்சி என விளக்கினார்.

1952 முதல் 1958 வரை எரிகோவை அகழ்ந்த கேத்லீன் கென்யன் அம்மையாருக்கு இப்பெயர் போதவில்லை. அங்கே கி.மு. 8000 அளவில் கல்மதிலும், ஏறத்தாழ எட்டரை மீட்டர் உயரமுள்ள கோபுரமும், அதனுள்ளே 22 படிகளும் கட்டப்பட்டிருந்தன. ஆனால் மட்பாண்டம் ஒன்றேனும் இல்லை. ஆகவே அவர் "மட்பாண்டத்துக்கு முற்பட்ட புதிய கற்காலம்" என ஒரு புதுப்பெயரை ஆக்கவேண்டியதாயிற்று. சப்பானிலோ இதற்கு நேர்மாறு. அங்கே உழவறியாத வேட்டை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மட்பாண்டம் வனைந்தனர். துருக்கி நாட்டுக் கோபெக்லி தெப்பேயில் கிளாஸ் ஷ்மித் 1995 முதல் அகழ்ந்து வெளிப்படுத்திய மாபெரும் கற்றூண்கள், பயிர்களும் விலங்குகளும் மனிதன் வசப்படுமுன் எழுப்பப்பட்டவை. வயிறு நிறைந்தபின்தான் மனிதன் வழிபாட்டை எண்ணினான் என்ற எளிய வரிசையை அத்தூண்கள் ஐயத்துக்குள்ளாக்குகின்றன.

1949-இல் வில்லர்ட் லிபியும் அவர்தம் குழுவினரும் கண்ட கதிரியக்கக் கார்பன் முறையால், முன்பு வரிசையாக மட்டுமே அறியப்பட்டவற்றுக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை தொகை கூறவும் முடிந்தது. அதனால் காலப் பெயர்களின் தேவை குறைந்தது. ஆயினும் அறிஞர்கள் அப்பெயர்களைக் கைவிடவில்லை. பேச்சுக்கு எளிதாக இருப்பதால் அவற்றை வைத்துக்கொண்டு, பொருந்தாத இடங்களில் வேறு பெயர் இட்டுக்கொள்கின்றனர். தாம்சனின் அலமாரிக்கு இது தகுந்த மதிப்பே. அலமாரி தேவையானது; ஆனால் அது வீடன்று.

6. பொருள்களின் வரிசை மனிதரின் வரிசையானபோது

இதுகாறும் கூறியவை பொருள்களைப் பற்றியவை. 1877-இல் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் வெளியிட்ட "பண்டைச் சமுதாயம்" என்ற நூல் மனிதரையே வரிசைப்படுத்தியது. காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என மூன்று; முதலிரண்டும் ஒவ்வொன்றும் கீழ், இடை, மேல் என மும்மூன்று. வில் அம்பு, மட்பாண்டம், கால்நடை, இரும்பு, எழுத்து ஆகியவை ஒவ்வொரு படிக்கும் அடையாளம். 1884-இல் எங்கெல்சு இப்பகுப்பை ஏற்று எழுதியதால் அது உலகெங்கும் பரவியது.

மார்கன் தீயவர் அல்லர். செனெக்கா இந்தியரின் நிலவுரிமைக்காகக் குரல் கொடுத்தவர். இருப்பினும் அவருடைய ஏணி செய்ததைக் காண்க. போலினேசிய மக்களிடம் மட்பாண்டமும் போர்வில்லும் இல்லை என்று அவர்களைக் காட்டுமிராண்டி நிலையின் இடைப்படியில் வைத்தார். மாகடலை விண்மீன்களைக் கொண்டு கடந்தவர்கள் அவர்கள். நீர் பாய்ச்சி வயல் விளைத்தவர்கள். அவர்களுள் ஹவாய் மக்கள், மார்கன் நூல் வெளிவருவதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே, 1839-இல், முழு வேதாகமத்தையும் தம் மொழியில் பெற்றிருந்தனர். ஒரு பானை இல்லாமையால் ஒரு மக்களினம் முழுவதும் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டது.

ஏணியில் கீழே நிறுத்தப்பட்டவர்கள் நூலோடு நின்றுவிடவில்லை. 1906-இல் நியூயார்க்கு நகர விலங்குக்காட்சிச் சாலையில் ஓட்டா பெங்கா என்ற கொங்கோ நாட்டு இளைஞர் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டார். அதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்களுள் கறுப்பின பாப்திஸ்து போதகர்கள் முன்னின்றனர். தங்கள் இனமும் ஆன்மாவுடைய மனிதரே என்று ஜேம்ஸ் கார்டன் என்னும் போதகர் வாதாடினார். கூண்டு திறக்கப்பட்டது, ஆனால் பத்தாண்டுகளில் ஓட்டா பெங்கா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பிற நாட்டைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. நம் நாட்டில் 1871-ஆம் ஆண்டுச் சட்டம் சில மக்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. நாடு முழுவதும் அது நீக்கப்பட்டது 1952-இல்தான். அம்மக்களை அடைத்துவைத்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தியவை கிறிஸ்தவ அருட்பணி அமைப்புகள். நல்லெண்ணத்தோடுதான் நடத்தின. ஆயினும் "இவர்கள் கீழ்ப்படியினர், நாம் இவர்களைக் கைதூக்கி மேலேற்றுகிறோம்" என்ற எண்ணம் அவ்வெண்ணத்தினுள் ஒளிந்திருந்தது என்பதை நாம் மனந்திரும்புதலோடு ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தமான் தீவுகளின் சென்டினல் மக்களைச் செய்தித்தாள்கள் "கற்கால மனிதர்" என்று எழுதுகின்றன. அவர்களோ கரை ஒதுங்கிய கப்பல்களின் இரும்பைத் தட்டி அம்புமுனை செய்து வருபவர்கள். உண்மையில் அவர்கள் நம் காலத்தவர். நம்மைப்போல் இன்று காலையில் கண்விழித்தவர்கள்.

7. திருமறை காட்டும் வேறொரு வரிசை

ஆதியாகமம் நான்காம் அதிகாரம் தொழில்களின் தோற்றத்தைக் கூறுகிறது. காயீன் ஊரைக் கட்டுகிறான். யாபால் கூடாரவாசிகளுக்கும் மந்தை மேய்ப்பவர்களுக்கும், யூபால் இசைவாணருக்கும் தகப்பனாகின்றனர். தூபால்காயீன் வெண்கலத்தையும் இரும்பையும் அடித்து உருவாக்குகிறான். திருமறை தொழில் வளர்ச்சியை மறுக்கவில்லை, இகழவும் இல்லை. ஆனால் உலைக்களத்தைப் பற்றிய அந்த வசனத்தை அடுத்தே, தூபால்காயீனின் தகப்பன் லாமேக்கு தான் செய்த கொலையைத் தன் மனைவியரிடம் பெருமையாகப் பாடுகிறான். கருவி வளர்ந்தது, காயீனின் கை மாறவில்லை. ஆசிரியர் விளக்கம் எதுவும் கூறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்ததே விளக்கம்.

இதற்கு மறுபக்கத்தையும் காண்போம். ஈராக்கின் ஷனிதார் குகையில் 1957-இல் ரால்ப் சொலெக்கி அகழ்ந்தெடுத்த நியாண்டர்தால் மனிதர் ஒருவரின் எலும்புகள் 45,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவர் இளமையிலேயே முகத்தில் அடிபட்டு ஒரு கண் பார்வையை இழந்திருக்கலாம். வலக்கை சூம்பிப்போய் முன்கை இல்லாதிருந்தது. காலிலும் ஊனம். அத்தனையும் ஆறிய புண்கள். அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து, அக்காலத்துக்கு முதுமை என்று சொல்லத்தக்க நாற்பது வயதையும் கடந்தார். யாரோ அவருக்கு உணவு பகிர்ந்தனர். யாரோ அவருக்காகக் காத்து நின்றனர். இடைப் பழைய கற்காலம் என்ற பெயர்ச்சீட்டு அவர் பயன்படுத்திய கல்லைப் பற்றிக் கூறுகிறது. அவருக்கு இரங்கியவர்களைப் பற்றிக் கூற அதில் இடமில்லை.

முடிவுரை

ஆசிரியையின் கேள்விக்கு இப்போது நாம் விடை கூறலாம். பள்ளிப் பாடநூல் கூறும் காலங்கள் உண்மையான சான்றுகளின்மீது எழுந்தவை. பிள்ளைகள் அச்சமின்றி அவற்றைப் பயிலட்டும். அவை மண்ணினுள் கிடைத்தவற்றை அறிஞர் ஒழுங்குபடுத்திய முறை. ஆதாம் என்பதோ எபிரேயத்தில் மனிதன் என்றே பொருள்படும் சொல். மண் என்னும் சொல்லோடு உறவுடையது. எந்தக் காலத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவன் என்று அந்நூல் கூறவில்லை. யாருடைய சாயலில் படைக்கப்பட்டான் என்று கூறுகிறது. அலமாரியின் எந்தத் தட்டிலும் அவனை வைக்க முடியாது. எந்தத் தட்டைச் சேர்ந்தவனையும் அவனுடைய உறவிலிருந்து விலக்கவும் முடியாது. பல்லாவரத்துச் சரளையில் கல்லைச் செதுக்கிய கைக்கும், பாவிலாந்தில் தம் இளைஞனுக்குச் செங்காவி பூசிய கைக்கும், அதைப் பாடநூலில் படிக்கும் பிள்ளையின் கைக்கும் உறவு உண்டு. எல்லா இனத்தாரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று பவுல் மார்ஸ் மேடையில் கூறியது இதுவே.

ஆயர்களும் ஆசிரியர்களும் இரண்டு காரியங்களில் எச்சரிக்கையாயிருத்தல் நலம். அஷரின் ஆண்டுகளைத் திருமறையென்று மீண்டும் கற்பிக்கவேண்டாம். அதுபோலவே அறிஞர் இட்ட காலப் பெயர்களை மனிதரின் தரவரிசையாக்கி, மலைவாழ் மக்களையோ நாடோடி மக்களையோ "இன்னும் கற்காலத்தில் இருப்பவர்கள்" என்று பிரசங்க மேடையிலிருந்து கூறவும் வேண்டாம். இரண்டும் ஓரக்குறிப்புகளே. காலங்களையும் வேளைகளையும் பிதா தம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார் என்று ஆண்டவர் சீடருக்குக் கூறிய பின், அவர்களை ஏணியில் ஏறச் சொல்லவில்லை. பூமியின் கடைசி மட்டும் சாட்சிகளாகச் செல்லச் சொன்னார்.